கூனல் மீன்களும் தங்கச்சியின் கிணறும்

மீன்குஞ்சுகள் தொழுகைக்கு நிற்கின்றன என்றுதான் நான் நினைத்தேன். நினைத்ததோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை, ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன். எங்கள் பின்வளவுத் தொட்டியில், வாய்க்கால் தண்ணீர் குழாய் வழியாக வந்து விழுகிற பக்கத்துக்கு முகம் கொடுத்து, அவ்வளவு குஞ்சுகளும் வரிசை வரிசையாக நின்றன. ஒன்றுகூட வரிசையைக் குழப்பவில்லை. பள்ளிவாசலில் ஸஃபு கட்டுகிற ஆண்கள்கூட இப்படி ஒழுங்காக நிற்பதில்லை என்று என் கணவரே ஒத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தவர்களை எல்லாம் கையைப் பிடித்து இழுத்துப் போய், "மாஷா அல்லாஹ், இதுகளப் பாருங்களன்" என்று காட்டினேன்.

எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் வளவு இலங்கையின் கிழக்குக் கரையில், நிந்தவூரின் மேற்கு ஓரத்தில் இருந்தது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். மாப்பிள்ளைதான் பெட்டியோடு வந்து சேர வேண்டும். வாப்பா தன் வளவை இரண்டாகப் பிரித்து, மூத்தவளான எனக்கு ஒரு வீடும் தங்கச்சிக்கு ஒரு வீடும் கட்டித் தந்தார். உம்மா அதற்கு முன்னரே போய்விட்டா. வாப்பாவும் மௌத்தான பிறகு நானும் தங்கச்சியும்தான் மிச்சம். இரண்டு வீட்டுக்கும் நடுவில் தென்னோலைக் கிடுகு வேலி, வேலியில் ஆள் நுழையுமளவு ஒரு கடப்பு. கறிவேப்பிலை, கறிச்சட்டி, ஊர்க்கதை எல்லாம் அந்தக் கடப்பு வழியாகத்தான் போய்வந்தன. கிணறு தங்கச்சியின் பக்கம். இரண்டு வீட்டுக்கும் அதுதான் குடிதண்ணீர். வளவுக்குப் பின்னால் வாய்க்கால், வாய்க்காலுக்கு அப்பால் வட்டை. கண்ணுக்கு எட்டிய மட்டும் வயல்.

தொட்டி வாப்பா கட்டியது. அவர் நெல் அவித்துக் குத்தி விற்றவர். அவிப்பதற்கு முன் நெல்லை ஊறப்போட, சீமெந்தில் நீளமாகவும் ஒடுக்கமாகவும் அதைக் கட்டினார். அவருக்குப் பிறகு அது ஓணான்களுக்குத்தான் பயன்பட்டது.

அந்த நாட்களில் மீன்பிடி இலாகாவிலிருந்து ஒரு உத்தியோகத்தர் மோட்டார் சைக்கிளில் வந்து திரிந்தார். சிங்களவர். தமிழ் கதைப்பார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் வைப்பார். ஊர் அவருக்கு மீன் மாத்தயா, அதாவது மீன் ஐயா, என்று பேர் வைத்தது; அவர் எங்களை நோனா என்று கூப்பிட்டார். உள்ளூர்க் குளங்களில் விடுவதற்குக் கெண்டைக் குஞ்சுகள் வேண்டும், விரல் நீளம் வரும்வரை வீட்டுத் தொட்டிகளில் வளர்த்துத் தர ஆள் வேண்டும் என்று தேடினார். கல்முனையில் கிளாக்கராக இருந்த என் கணவர் இந்தச் செய்தியைக் கொண்டுவந்தார். நான் அன்றே ஓணான்களைக் கிளப்பிவிட்டேன்.

ஊர் சிரித்தது. "கடலுக்குப் பக்கத்துல இரிந்துக்கிட்டு தொட்டியில மீன் வளக்கப் போறாவாம்" என்று சந்தையில் மீன் விற்கிறவர்களே என்னைக் கண்டு சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு விரல் நீளத்தில் பதில் சொல்வேன் என்று சபதம் எடுத்துக்கொண்டேன்.

குஞ்சுகள் காற்றடைத்த பொலித்தீன் பைகளில் வந்தன. கண்ணிமை மயிரளவு இருந்தன. தொட்டிக்கு அளவாக விட்ட பிறகு ஒரு வாளி மிஞ்சியது. தங்கச்சியின் மாப்பிள்ளை கடப்பால் எட்டிப் பார்த்தார். அவர் எங்கள் மாமியின் மகன்தான், சின்ன வயதிலிருந்தே எனக்கு மச்சான். "மச்சி, மிஞ்சினத எனக்குத் தாங்களன். வயல் மூலையில ஒரு குழி கிடக்கு, சும்மா விட்டுப் பாப்பம்" என்றார். கொடுத்தேன். அதோடு அந்த வாளியை நான் மறந்தும் போனேன்.

தொட்டி மீனுக்கு நான் செய்த பணிவிடை கொஞ்சமல்ல. தவிட்டைச் சலித்து, தேங்காய்ப் பிண்ணாக்கை இடித்து, காலையும் மாலையும் போட்டேன். எல்லாவற்றையும்விடத் தண்ணீரில்தான் கவனம். "ஓடுற தண்ணியில நஜீஸ் தங்காது" என்று வாப்பா ஆயிரம் தடவை சொல்லியிருப்பார். வாய்க்காலில் தண்ணீர் ஓடும் காலத்தில் அவர் தொழுகைக்குமுன் கைகால் கழுவி வுளூச் செய்வதற்குக் கிணற்றடிக்குப் போகமாட்டார், வாய்க்காலுக்குத்தான் இறங்குவார். ஓடுவது சுத்தம், நிற்பது அழுக்கு என்பது எங்கள் வீட்டில் கலிமாவுக்கு அடுத்த பாடம். ஆகவே வாய்க்காலிலிருந்து பெரிய குழாய் ஒன்றைத் தொட்டியின் ஒரு தலையில் விழவிட்டு, மறுதலையால் தண்ணீர் வாழைக்குப் போகும்படி செய்தேன். இரவும் பகலும் குழாய் முழு வாயோடு கொட்டியது. அந்தத் தண்ணீருக்கு முகம் கொடுத்துத்தான் என் குஞ்சுகள் ஸஃபு கட்டி நின்றன.

நாலாவது கிழமை, மாதம் முடியும் தறுவாயில், ஒரு குஞ்சைக் கண்டேன். நடுமுதுகு கீழே தொய்ந்து, தலையும் வாலும் மேலே கிளம்பி, ஆள் ஏறிப் படுத்த கயிற்றுக் கட்டில்போல இருந்தது. ஒன்றுதானே என்று விட்டேன். மறுநாள் வடி என்கிற சிறு வலையை விட்டு அள்ளிப் பார்த்தால் ஐந்து. அடுத்த கிழமை அள்ளிய வடியில் பாதிக்குப் பாதி கூனல். செத்தாவது போயிருந்தால் அழுதுவிட்டு மறந்திருப்பேன். அவை சாகவில்லை. தின்றன, வளர்ந்தன, வளைந்த முதுகோடு மற்றவற்றுக்குச் சரியாக வரிசையில் நின்றன.

இங்கேதான் தங்கச்சியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் அப்போது ஐந்து மாதம். அதற்கு முன் இரண்டு முறை வயிற்றில் தங்காமல் போயிருந்தது. இந்த மூன்றாவதுக்காக அவள் மாடிப்படி ஏறவில்லை, அழுகிற வீட்டுக்குப் போகவில்லை, உரத்துத் தும்மக்கூடப் பயந்தாள். பிள்ளைத்தாய்ச்சி கோணலைப் பார்க்கக் கூடாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஆகவே என் மீன்கள் கூனிய செய்தி பரவியதும் அவள் கடப்பைத் தாண்டி என் வளவுக்கு வருவதை நிறுத்தினாள். "ராத்தா, நான் வரல்ல, கோவிக்காத" என்று அந்தப் பக்கமிருந்தே சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டு விட்டிருக்கலாம்.

ஆனால் ஆத்திரக்காரருக்குப் புத்தி மட்டு. அதுவும் என் ஆத்திரம் எப்போதும் ஒரு ஆளைத் தேடும். அன்று மச்சான் வயலுக்குப் பூச்சிமருந்தடிக்கும் டாங்கியை முதுகில் சுமந்துகொண்டு வட்டையிலிருந்து வந்தார். அவர் வயலைக் கடந்துதான் வாய்க்கால் எங்கள் வளவுக்கு வருகிறது. டாங்கியைக் கண்டதும் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கிவிட்டது என்று நினைத்தேன். தொட்டியடியில் நின்றபடியே, நாலு வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன்.

"உங்கட மருந்துத் தண்ணிதான் என்ட மீனெல்லாத்தையும் முறிச்சுப் போட்டிரிக்கி! இண்டைக்கு மீன்ட முதுகு. நாளைக்கு உங்கட பொண்டாட்டிட வவுத்துல இருக்கிறதுட முதுகையும் முறிக்கும், பாருங்க!"

மச்சான் சட்டென்று மறுபக்கம் திரும்பினார். அவர் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். தங்கச்சி கிணற்றடியில் நின்றாள். அப்போதுதான் இழுத்த வாளி கையில் இருந்தது. அதை மெல்லச் சரித்துத் தண்ணீரைத் தரையில் ஊற்றினாள். வெறும் வாளியைக் கிணற்றுக் கட்டின்மேல் கவிழ்த்து வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தக் கிணறு வாய்க்காலிலிருந்து பத்து எட்டுத் தூரத்தில் இருந்தது. வாய்க்கால் ஊற்றுத்தான் கிணற்றுக்கும் வரும் என்பது எங்கள் இருவருக்கும் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

சொன்ன சொல்லை வாய்க்குள் திருப்பி எடுக்க முடியுமானால் அந்த நிமிடமே விழுங்கியிருப்பேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் கெட்டிருந்தால் நியாயம், என் வாயால் கெட்டது அவள் நித்திரை.

மறுநாள் காலை கடப்பில் புதுக் கிடுகு கட்டியிருந்தது. மச்சான் விடியலில் சைக்கிளில் இரண்டு கலன்களைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போய், ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கிணற்றில் தண்ணீர் அள்ளி வந்தார். அதன் பிறகுதான் வயலுக்குப் போவார். நான் அடுத்த வீட்டில் போய்த் தண்ணீர் கேட்டேன். வாப்பா வெட்டிய கிணறு யாருமே தொடாமல் கிடந்தது. என் கணவர் கோபக்காரர் அல்ல, ஆனால் அன்றிரவு சோற்றைப் பிசைந்துகொண்டே, "நீ சொன்னது உண்மையா இரிந்தாலும் சொன்ன விதம் ஹறாம்" என்றார். நான் வாய் திறக்கவில்லை. அது எங்கள் வீட்டில் அபூர்வமான சம்பவம்.

தங்கச்சி மெலிந்துகொண்டு போனாள் என்று கிளினிக்குக்குப் போய்வந்த பெண்கள் சொன்னார்கள். ஐந்து மாதம் குடித்த தண்ணீரை எப்படி வெளியே எடுப்பது என்று மருத்துவிச்சியிடம் கேட்டாளாம். அதைக் கேட்ட அன்று நான் அடுப்படியில் இருந்து அழுதேன். எனக்கு மீன் முக்கியமில்லாமல் போயிற்று. அந்தத் தண்ணீர் பிள்ளையை என்ன செய்யும் என்று யாராவது சொல்ல வேண்டும். அது ஒன்றுதான் வேண்டியிருந்தது.

மீன் மாத்தயா வந்தபோது ஒரு கூனல் குஞ்சைக் கையில் வைத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டு நீண்ட நேரம் பார்த்தார்.

"இது நிறையக் காரணத்தால வரும், நோனா. தண்ணியில மருந்து கலந்தாலும் வளையும். தீனியில சத்துக் குறைஞ்சாலும் வளையும். சூடு கூடினாலும் வளையும். தாய்மீனும் தகப்பன்மீனும் கிட்டின சொந்தமெண்டாலும் வளையும்."

கடைசிக் காரணத்தைக் கேட்டு அந்தத் துக்கத்திலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்படிப் பார்த்தால் எங்கள் ஊரே வளைந்திருக்க வேண்டும், எல்லாரும் மச்சான் மச்சியைக் கட்டியவர்கள். ஆனால் தங்கச்சியும் மாமியின் மகனைத்தான் கட்டியிருந்தாள். அந்தக் காரணம் மட்டும் அவள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டேன்.

"இதே குஞ்சு வேற ஆக்களுக்கும் குடுத்த. அங்க ஒண்டும் வளையல்ல" என்றார் அவர். "அப்ப தாய் தகப்பன்ல பிழை இல்ல. இங்கதான் என்னமோ இரிக்கி."

அவர் சொன்னபடி முருங்கை இலையை அரைத்துத் தவிட்டோடு சேர்த்துப் போட்டேன். வெயில் படாமல் தொட்டிக்கு மேல் கிடுகு பரப்பினேன். இரண்டு கிழமை பார்த்தோம். கூனல் கூடிற்றே தவிர குறையவில்லை. மிஞ்சியது மருந்துதான். "வயல் பக்கத்துத் தண்ணியில ஒரு போத்தல் எடுத்துத் தாங்க, கொழும்புக்கு அனுப்பிப் பாப்பம்" என்றார் மாத்தயா. நான் கழுவிக் காயவைத்த போத்தலோடு வட்டைக்குப் புறப்பட்டேன். உண்மையைச் சொன்னால், மனதின் ஒரு மூலையில் நான் சொன்னதே சரியாக இருக்க வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. சரியாக இருந்தால் தங்கச்சிக்கு என்ன கதி என்று நினைத்ததும் அந்த ஆசைமேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. இரண்டையும் சுமந்துகொண்டு வரம்பில் நடந்தேன்.

மச்சானின் வயல் மூலையில், வாய்க்காலை ஒட்டி அந்தக் குழி இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் ஏறும்போது கொஞ்சம் வழிந்து குழிக்குள் வரும், மற்ற நேரம் அப்படியே நிற்கும். மேலே பச்சைப் பாசி. வாப்பா கண்டிருந்தால் கால் கழுவவும் இறங்கியிருக்க மாட்டார். நான் போத்தலை அமிழ்த்தினேன். கையைச் சுற்றிச் சளசளவென்று ஏதோ ஓடியது.

மீன்கள். அந்த ஒரு வாளிக் குஞ்சுகள். என் தொட்டி மீனைவிட ஒரு சுற்றுப் பெருத்திருந்தன. முக்காட்டுத் தலைப்பைத் தண்ணீரில் விரித்து நாலைந்தை அள்ளினேன். உள்ளங்கையில் வைத்து ஒவ்வொன்றாக முதுகைத் தடவினேன். நேர். அடுத்தது, நேர். திரும்ப அள்ளினேன். எல்லாம் நேர்.

"மச்சி, போத்தல் என்னத்துக்கு?"

மச்சான் வரம்பில் மண்வெட்டியோடு நின்றார். ஒன்றரை மாதத்தில் அவர் என்னோடு கதைத்த முதல் வார்த்தை. பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உள்ளங்கையில் மீன் துள்ளியதால் பொய் வரவில்லை.

"உங்கட தண்ணிய கொழும்புக்கு அனுப்பத்தான்" என்றேன்.

அவர் சிரிக்கவுமில்லை, கோபிக்கவுமில்லை. வயல் தண்ணீர் வாய்க்காலுக்கு வடிகிற கடைவாயை மண்வெட்டியால் காட்டினார். அது மண் போட்டு இறுக்கி அடைத்திருந்தது. "மருந்தடிச்சா ஒரு கிழமைக்கு இத அடைச்சிடுவன். ஒரு சொட்டு வாய்க்காலுக்குப் போகாது. என்ட பொண்டாட்டி குடிக்கிற தண்ணியில நான் நஞ்ச விடுவனா மச்சி? நீங்க ஒரு வார்த்த கேட்டிருந்தா காட்டியிருப்பன்."

நான் கேட்கவில்லை. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும் என்ற நினைப்பு அன்று வரம்பிலேயே என்னைக் கொன்ற கொலைக்கு அளவில்லை. "மன்னிச்சுக்கொள்ளுங்க மச்சான்" என்றேன். போத்தல் தண்ணீரைக் குழியிலேயே கவிழ்த்துவிட்டேன். அவர் தலையசைத்தார். பிறகு ஒரு விவசாயியின் கண்ணோடு குழியைப் பார்த்து, "ஒரே குஞ்சு, ஒரே வாய்க்கால். இதுகளுக்கு நான் ஒண்டுமே செய்யல்ல. தண்ணி சும்மா நிக்கிது, இதுகளும் சும்மா திரியுதுகள்" என்றார்.

சும்மா திரிகின்றன. அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். குழியில் மீன்கள் நாலு பக்கமும் திரிந்தன. என் தொட்டியில் ஒன்றுகூடத் திரிந்து நான் கண்டதில்லை.

தொட்டியடியில் குந்தி, குழாயின் வாயைக் கையால் அடைத்தேன். தண்ணீரின் இரைச்சல் நின்றது. ஒரு கணம் வரிசைகள் அப்படியே நின்றன. பிறகு, தொழுது முடித்து ஸலாம் கொடுத்துவிட்டு எழும்பும் ஆட்களைப்போல, மீன்கள் மூலைக்கு மூலை கலைந்தன. சில அடியில் போய் அசையாமல் கிடந்தன. கையை எடுத்தேன். தண்ணீர் கொட்டியது. ஓடி ஓடி வந்து பழையபடி வரிசை கட்டின. இந்த முறை நான் வரிசையைப் பார்க்கவில்லை, ஒரு மீனை மட்டும் பார்த்தேன். அதன் வால் நிற்கவே இல்லை. நின்றால் தண்ணீர் அதை அடித்துக்கொண்டுபோய் மறுதலைச் சுவரில் மோதும்.

அவை தொழுதுகொண்டு நிற்கவில்லை. அடிபட்டுப் போகாமலிருக்க இரவும் பகலும் நீந்திக்கொண்டிருந்தன. எலும்பு இறுகாத பச்சைக் குஞ்சுகளை ஆற்றோட்டத்தில் நிறுத்தி வைத்துவிட்டு, என்ன பக்தி என்று ஊரைக் கூப்பிட்டுக் காட்டியிருக்கிறேன். அவை களைத்த களைப்பு எனக்கு அழகாகத் தெரிந்திருக்கிறது. எவ்வளவு நேரம் அங்கே குந்தியிருந்தேன் என்று தெரியாது. அழுதேன், ஆனால் அழுகைக்கு அடியில் இன்னொன்று கிளம்பிக்கொண்டிருந்தது. தண்ணீரில் பிழை இல்லை. பிழை என்னில். அல்ஹம்துலில்லாஹ், பிழை என்னில்!

மாத்தயா வந்ததும் சொன்னேன். அவர் தலையைச் சொறிந்தார். "ஓம் நோனா, அது சரிதான். சின்ன மீன் நாள் முழுக்கத் தண்ணிய எதிர்த்து நீந்தினா, முதுகுச் சதை இழுத்து இழுத்து எலும்பு வளையும். நானும் குழாயப் பார்த்தன்தான். நல்ல சுத்தமான தண்ணி எண்டு நினைச்சன்." வாப்பாவின் பாடத்தில் அவரும் ஏமாந்திருக்கிறார் என்பது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கடப்பு அடைத்திருந்ததால் தெருவால் சுற்றி, விருந்தாளியைப்போல முன்வாசலால் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். நடந்ததை எல்லாம் சொன்னேன். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். கன்னம் ஒட்டியிருந்தது, வயிறு மட்டும் முன்னுக்கு வந்திருந்தது.

"அண்டைக்கு நஞ்செண்டு சொன்னதும் உன்ட வாய்தான். இண்டைக்கு இல்லெண்டு சொல்றதும் உன்ட வாய்தான். எத நான் நம்புற ராத்தா?"

"என்ட வாய நம்பாத" என்றேன். "மீனை நம்பு. அதே வாய்க்கால் தண்ணியில நேரா வளத்துக் காட்டுறன். அதுக்குப் பிறகு குடி."

மாத்தயா இரண்டாம் முறை இரண்டு பைக் குஞ்சு கொண்டுவந்தார். கொஞ்சத்தைப் பெரிய ஓட்டத்தில் விட்டு, அவை வளைகின்றனவா என்று பார்த்தால் சந்தேகமே இருக்காது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. ஆனால் தெரிந்துகொண்டே ஒரு முதுகை வளைக்க எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டேன். கூனல் மீன்களை அதற்கு முன்பே வடியால் அள்ளி, மச்சானின் குழியில் கொண்டுபோய் விட்டிருந்தேன். வளைந்த எலும்பு நிமிராது என்று தெரியும். சும்மா திரியட்டுமே, அவை பட்ட பாடு போதும்.

குழாய்க்குத் துணியைச் சுற்றி மரக்கட்டை அடைத்து, நூல்போல ஒரு கசிவு மட்டும் வரவிட்டேன். அதுவும் நேரே விழாமல் ஓடு ஒன்றில் பட்டு வழிந்தது. முதல் நாள் என் கை பலமுறை அந்தக் கட்டையிடம் போனது. நிற்கிற தண்ணீரைப் பார்க்கப் பார்க்க அழுக்கு அழுக்கு என்று மனம் அடித்துக்கொண்டது. வாப்பாவிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். வுளூவுக்கு நீங்கள் சொன்னது சரி வாப்பா, இது பச்சைக் குழந்தைகளின் சங்கதி என்று விளக்கமும் சொன்னேன்.

ஐந்து கிழமை. ஒவ்வொரு காலையும் பஜ்ர் தொழுதுவிட்டு நேரே தொட்டிக்குப் போய் ஒரு வடி அள்ளுவேன். உள்ளங்கையில் வைத்து முதுகு தடவுவேன். மூன்றாம் கிழமை ஒன்று கோணலாகத் தெரிந்து உயிர் போய்வந்தது, பார்த்தால் அது வாலைத் திருப்பித் துள்ளிய மீன். வேலிக்கு அந்தப் பக்கம் சைக்கிள் கலன்களோடு வந்து நிற்கிற சத்தம் ஒவ்வொரு நாளும் கேட்கும். அந்தச் சத்தம் நிற்க வேண்டும் என்பதுதான் என் துஆ.

ஆறாம் கிழமை ஒரு காலை, மச்சான் கடப்பில் கட்டிய கிடுகை அவிழ்த்தார். தங்கச்சி அதனூடாக வந்தாள். முக்காட்டை இழுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, மாப்பிள்ளையின் கையைப் பிடித்தபடி வந்தாள்.

"ஒண்டு கூடக் கூனல் இல்லத்தானே? நல்லாப் பாத்தியா?"

"இல்ல புள்ள. கண்ணத் திற."

திறந்தாள். தொட்டி நிறைய விரல் நீளக் கெண்டைகள், வெயிலில் வெள்ளிபோல, ஒழுங்கில்லாமல், குறுக்கும் நெடுக்குமாக, ஒன்றையொன்று முட்டிக்கொண்டு திரிந்தன. நான் ஒன்றை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தேன். அவள் விரலால் தலையிலிருந்து வால்வரை தடவினாள். பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. பத்துக்கு மேல் தடவியிருப்பாள். திரும்பிக் கடப்பால் போனாள். கிணற்றுக் கட்டில் கவிழ்ந்து கிடந்த வாளியை நிமிர்த்தினாள்.

மச்சான்தான் இழுத்துக் கொடுத்தார். அவள் வாளியை வாயோடு சரித்து, கழுத்தெல்லாம் வழிய வழியக் குடித்தாள். குடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தாள். "அந்தக் குழாய்க்கு அடிச்ச கட்டையில மிச்சம் இரிக்கா ராத்தா? உன்ட வாய்க்கும் ஒண்டு அடிச்சுவிட." இரண்டரை மாதத்துக்குப் பிறகு அவள் சிரித்த முதல் சிரிப்பு அது. நானும் சிரித்தேன், சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது.

என் மீன்கள் குளத்துக்குப் போன நாளில் சந்தைக்காரர்களுக்கு விரல் நீளத்தில் பதில் காட்டினேன். இப்போது சொல்கிறேன், மருந்து நல்லது என்று நான் வக்காலத்து வாங்கவில்லை. மாத்தயா சொன்ன காரணங்கள் எல்லாமே காரணங்கள்தான், வேறு தொட்டிகளில் வேறு ஆட்களுக்கு அவை நடந்திருக்கும். எனக்கு நடந்தது என் குழாயால் நடந்தது.

தங்கச்சிக்கு வலி கண்டது வட்டையில் அறுவடை முடிந்திருந்த ஒரு பகலில். பெண்குழந்தை. மருத்துவிச்சி குளிப்பாட்டத் தண்ணீர் கேட்டதும் நான் அடுத்த வீட்டுக்கு ஓடப் பார்த்தேன். பழக்கதோஷம். உள்ளேயிருந்து தங்கச்சியின் குரல் வந்தது. "எங்கட கிணத்துத் தண்ணி, ராத்தா. நீயே அள்ளு."

அள்ளிச் சுடவைத்து, சூடாற்றிக் கொண்டுபோனேன். மருத்துவிச்சி பிள்ளையைக் கையில் கவிழ்த்துப் பிடித்தாள். நான் கொஞ்சம் கொஞ்சமாக, நூல்போல, தண்ணீரை ஊற்றினேன். தங்கச்சி பாயில் கிடந்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கேட்கவில்லை, ஆனால் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும். பிடரியிலிருந்து இடுப்புவரை, அந்த ஈர முதுகின் நடுவில், ஒற்றை விரலால் தடவிப் பார்த்தேன்.

"நேர்" என்றேன். அந்த ஒரு சொல்லோடு வாயை மூடிக்கொண்டேன்.